இருபதாயிரம் அடி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சைக்கிளை எடுத்துத் தெற்கே மிதித்தால் முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஊர்கள் வரும். வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சிதம்பரம். ஏறக்குறைய 45 கிலோமீட்டர். நம் ஊர் 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.2 மீட்டர் உருளும். வகுத்துப் பாருங்கள். நடராசர் கோயில் கோபுரம் கண்ணில் படுவதற்குள் சக்கரம் இருபதாயிரம் முறை சுற்றியிருக்கும்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு டயரில் ஏறிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு முறை தரைக்கும் டயருக்கும் நடுவே மாட்டும். அப்போது உங்கள் எடையில் ஒரு பங்கு அதன் தலையில் இறங்கும். சாதாரண வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி. சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் இருபதாயிரம் அடி. சுவரில் ஆணி அடிக்க நமக்கு எத்தனை அடி தேவைப்படுகிறது?

பஞ்சர் என்றால் ஒரு நொடியில் நடந்துவிடும் விபத்து என்று நினைக்கிறோம். நீளமான ஆணி என்றால் அது உண்மை. சின்னச் சில்லும் உடைந்த முள் நுனியும் அப்படியல்ல. அவை ரப்பருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, சில கிலோமீட்டரோ சில நாளோ கழித்துத்தான் டியூபைத் தொடும். பஞ்சரைத் தடுக்க நமக்குக் கிடைக்கும் அவகாசம் அந்தப் பயண நேரம்தான்.

ஓட்டை சொல்லும் சாட்சி

பஞ்சர் கடையில் டியூபைக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சுற்றி வருவார்கள். குமிழி வந்த இடத்தில் ஓட்டை. கடைக்காரர் அதை ஒட்டிக் கொடுப்பார். நாம் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவோம். ஓட்டை எந்தப் பக்கம் இருந்தது, எப்படி இருந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் அடுத்து வரும் பஞ்சர்கள் பலவற்றைத் தவிர்க்கும் வழி தெரிந்துவிடும்.

டியூபின் வெளிப்பக்கம், அதாவது சாலையைப் பார்க்கும் பக்கத்தில் ஒற்றை ஓட்டை என்றால் முள், ஆணி, கண்ணாடி. உட்பக்கம், ரிம்மைப் பார்க்கும் பக்கத்தில் ஓட்டை என்றால் குற்றவாளி சாலையில் இல்லை, சைக்கிளுக்குள்ளேயே இருக்கிறான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவு. மேல்நாட்டு சைக்கிள்காரர்கள் இதற்குப் பாம்புக்கடி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் அதுவும் பெரும்பாலும் காற்றுக் குறைவின் வேலைதான். ஓட்டையே இல்லை, ஆனால் காலையில் டயர் தொங்குகிறது என்றால் வால்விலுள்ள சின்ன ரப்பர் குழாயான வால்டியூபைப் பாருங்கள்.

இன்னொரு சிறு உத்தி உண்டு. டியூபை வெளியே எடுக்கும்போது அதைத் திருப்பிவிடாதீர்கள். வால்விலிருந்து ஓட்டை எத்தனை சாண் தள்ளி இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். டயரிலும் வால்வு இருந்த இடத்திலிருந்து அதே தூரம் அளந்தால், முள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்பது தெரியும். ஒட்டிய மறுநாளே அதே இடத்தில் மறுபடி பஞ்சர் ஆனால் பழி ஒட்டுக்குப் போகிறது. பல நேரம் டயருக்குள் விட்டுவைத்த முள்தான் காரணம்.

பூ முதலில், முள் பிறகு

நெருஞ்சி மஞ்சளாகப் பூக்கும். பூ போன பிறகு முள்ளாகக் காய்க்கும். முதலில் இனித்துப் பிறகு இன்னல் தந்த காதலனுக்கு இந்தச் செடியை உவமையாக்கியவர் குறுந்தொகைப் புலவர் அள்ளூர் நன்முல்லையார். பூ முள்ளாகும் என்ற இந்தக் கவனிப்பு சைக்கிள்காரருக்கும் உதவும்: மழைக்குப் பின் பூத்த செடி சில வாரத்தில் முள் காயைத் தரையில் உதிர்க்கும்.

நெருஞ்சிக் காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள். துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்க்கும் வடிவம். மிருகங்களின் காலில் ஏறி ஊர் விட்டு ஊர் போய் விதை பரப்பச் செடி கண்ட வழி இது. குதிரைப்படையைத் தடுக்க ஐரோப்பியர் தரையில் தூவிய இரும்பு முட்களுக்கும் இதே வடிவம். அந்த இரும்பு முள்ளின் பெயரைத்தான் தாவரவியலாளர்கள் நெருஞ்சிக்கு டிரிபுலஸ் என்று வைத்தார்கள். அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த நெருஞ்சி அங்கே சைக்கிள்காரர்களின் முதல் எதிரியாகிவிட்டது. ஆங்கிலத்தில் அதற்குப் பஞ்சர் கொடி என்றே பெயர். அதை அடக்க 1961-இல் இத்தாலியிலிருந்து கூன்வண்டுகளைக் கொண்டுவந்து கலிபோர்னியாவில் விட்டார்கள்.

நெருஞ்சி தரையோடு படரும். கடலூர்க் கடற்கரை மணலில் அதைவிடப் பெரிய காய் கொண்ட ஆனை நெருஞ்சிலும் உண்டு. இரண்டுமே சாலையின் தார்ப் பகுதியில் முளைப்பதில்லை. தாருக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள விளிம்பில்தான் இருக்கும். பேருந்துக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கி ஏறும்போதுதான் முள் ஏறுகிறது.

சீமைக்கருவேலம் வேறு ரகம். மெக்சிகோ, தென்னமெரிக்கப் பக்கத்து மரம். 1870-களில் இந்தியாவுக்கு வந்தது. விறகுக்கும் கரிக்கும் வெட்டி ஏற்றிப்போகும்போதும், வயலுக்கு வேலி அடைக்க இழுத்துப்போகும்போதும் முள் வழியெல்லாம் உதிர்கிறது. நெருஞ்சி முள் சில மில்லிமீட்டர்தான். தடித்த புது டயரைத் தாண்டி டியூபைத் தொட அதற்குச் சிரமம். கருவேல முள்ளுக்கு அந்தச் சிரமம் இல்லை. குத்திய பிறகு அது டயர் மட்டத்தில் முறிந்துகொள்ளும். வெளியே பார்த்தால் ஒரு கரும்புள்ளிதான் தெரியும்.

முள்ளின் பலம் அதன் நுனியில் இருக்கிறது. நுனியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றால், அதன் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு கிலோ எடை அதன்மேல் இறங்கினாலும், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் கிலோ அளவுக்குப் போகும். இதைத் தடுத்து நிற்க ரப்பருக்கு ஒரே வழி, தடிமன்தான். டயர் தேய்ந்து உள்நூல் தெரியும் அளவுக்கு வந்துவிட்டால் எந்தச் சில்லுக்கும் இருபதாயிரம் அடி தேவைப்படாது.

தீப்பெட்டிக் கணக்கு

சைக்கிள் தரையைத் தொடும் இடம் எவ்வளவு பெரியது? ஆள் 60 கிலோ, சைக்கிள் 20 கிலோ. அதில் பின்சக்கரத்தின் பங்கு சுமார் 48 கிலோ. டயரில் 40 பவுண்டு காற்று இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்கு 2.8 கிலோ. 48-ஐ 2.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் முகப்பு அவ்வளவுதான். உங்களையும் வண்டியையும் தாங்குவது முன்னால் ஒரு தீப்பெட்டி, பின்னால் ஒரு தீப்பெட்டி.

காற்று 20 பவுண்டாகக் குறைந்தால் பின்னால் இரண்டு தீப்பெட்டி. டயர் தரையில் அகலமாக அமுங்கும். சாலையில் கிடப்பதைப் பொறுக்கும் பரப்பும் கூடும். ஆபத்து அதோடு நிற்பதில்லை. அமுங்கிய டயர் ஒரு பள்ளத்தின் விளிம்பில் இறங்கும்போது, ரிம்மின் இரண்டு ஓரமும் கல்லும் சேர்ந்து டியூபைப் பாக்குவெட்டிபோல நறுக்கும். இரட்டைக் கீறல் அப்படி வருவதுதான். கேரியரில் 50 கிலோ ஆளை வைத்து டபுள்ஸ் போனால் அந்த எடை முழுவதும் கிட்டத்தட்ட பின்சக்கரத்துக்கே போகும். 40 பவுண்டு இருந்தும் டயர் 20 பவுண்டு இருப்பதுபோல அமுங்கும். டபுள்ஸ் போகிறவர் பள்ளம் வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது இந்த வகுத்தல் கணக்கு சொல்லும் புத்தி.

காற்றுக் குறைந்தால் இன்னொன்றும் நடக்கும். பிரேக் பிடிக்கும்போதும் அழுத்தி மிதிக்கும்போதும் டயர் ரிம்மின்மேல் மெல்ல வழுக்கி நகரும், டியூபும் கூடவே போகும். வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நாளில் அதன் வேரில் கிழிசல். வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் அது முன்னெச்சரிக்கை. காற்றை இறக்கி, டயரை நகர்த்தி நேராக்கிவிட்டு மறுபடி அடியுங்கள்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அளப்பதில்தான் சிக்கல். நம் ஊர் சைக்கிள் வால்வில், உள்ளே போகும் காற்று ஒரு சின்ன ரப்பர் குழாயை நெம்பிக்கொண்டு நுழைகிறது, அதுதான் வால்டியூப். வெளியே வர முயலும் காற்று அதே ரப்பரை அழுத்தி வழியை அடைத்துவிடும். எளிமையான ஏற்பாடு, மலிவு. ஆனால் உள்ளே உள்ள அழுத்தம் வெளியே தெரியாததால், கார் டயருக்குப்போல அளவுமானியை வைத்துப் பார்க்க முடியாது. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதும் ஏமாற்றும். 40 பவுண்டுக்கு மேல் எல்லாமே கல்லுபோலத்தான் இருக்கும். கண்ணால் பார்ப்பது மேல். நீங்கள் ஏறி உட்கார்ந்திருக்கும்போது வேறொருவர் பின்சக்கரத்தைப் பார்க்கட்டும். டயர் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் அமுங்கினால் சரி. ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால் பம்பைத் தேடுங்கள்.

ஓட்டையே இல்லாவிட்டாலும் காற்று குறையும். காற்றின் மூலக்கூறுகள் ரப்பர் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து மெல்ல வெளியேறுகின்றன; ஆக்சிஜன் நைட்ரஜனைவிட வேகமாக. இயற்கை ரப்பர் டியூபில் இது அதிகம். 1937-இல் அமெரிக்காவில் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவன ஆய்வாளர்கள் உருவாக்கிய பியூட்டைல் ரப்பரில் மூலக்கூறுகள் நெருக்கமாக அமைந்திருப்பதால் கசிவு பல மடங்கு குறைவு. டியூப் வாங்கும்போது பியூட்டைலா என்று கேட்பது நல்லது. அதற்கும் வாரம் ஒரு முறை காற்று வேண்டும்.

வெயிலில் நிறுத்தினால் டயர் வெடிக்குமா? காற்றின் வெப்பம் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனாலும் 40 பவுண்டு சுமார் 45 பவுண்டாகத்தான் ஏறும். நல்ல டயருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வெடிக்கிற டயர், பக்கவாட்டில் ஏற்கெனவே வெடிப்பு விட்ட டயர். அந்த வெடிப்பை உண்டாக்குவதில் வெயிலுக்குப் பங்குண்டு: புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரின் சங்கிலிகளை அறுக்கின்றன. ஆகவே நிழலில் நிறுத்தச் சொல்வது சரி, காரணம்தான் வேறு.

உப்புக் காற்றும் போக்ஸ் கம்பியும்

பி.முட்லூரிலிருந்து கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-களில் இரும்பு உருக்கும் ஆலை நடத்திய ஊர். உருக்கிய இரும்பைத் துருவாக்குவதில் அந்த ஊர்க் கடற்காற்றும் சளைத்ததல்ல. தேவனாம்பட்டினம், முதுநகர், கிள்ளை என்று கடலோரம் முழுக்க இதே கதைதான். காற்றில் வரும் நுண்ணிய உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பில் மின்வேதி அரிப்பைத் துரிதப்படுத்துகிறது.

துருவேறிய ரிம்மின் உட்புறம் உப்புத்தாள்போலச் சொரசொரப்பாகும். அதன்மேல் டியூப் நாள் முழுவதும் உரசும். போக்ஸ் கம்பிகளின் முனைகள் ரிம்முக்குள் எட்டிப் பார்க்கும். கம்பியை முறுக்கிச் சக்கரத்தின் கோணலை எடுத்த பிறகு அவை இன்னும் நீண்டிருக்கும். இவற்றுக்கும் டியூபுக்கும் நடுவே உள்ள ஒரே காவல், ரிம் டேப் என்ற மெல்லிய ரப்பர் பட்டை. பல சைக்கிளில் அது அறுந்தோ சுருண்டோ கிடக்கும்.

டியூபின் உட்பக்கத்தில் ஓட்டை விழுந்தால் கடையில் மூன்று வேலை கேளுங்கள்: நீண்ட கம்பி முனைகளை அரத்தால் ராவுவது, ரிம்மின் துருவைத் தேய்த்து எடுப்பது, புது ரிம் டேப் போடுவது. இதைச் செய்யாமல் டியூபை மட்டும் ஒட்டினால் மறுபடி அதே கடைக்கு வருவீர்கள்.

வால்டியூபும் ரப்பர்தான், அதுவும் இற்றுப்போகும். சோதனை எளிது. காற்றடித்த பிறகு வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சிலைத் தடவுவது பழைய கடைக்காரர் வழக்கம். குமிழி மெல்ல உப்பினால் வால்டியூபை மாற்ற வேண்டும். சைக்கிள் உதிரி பாகங்களிலேயே மலிவானது அது.

சாலையின் ஓரம்

பேருந்தும் லாரியும் ஓடும் தடம் எப்போதும் சுத்தமாக இருக்கும். அவற்றின் சக்கரமும் அவை கிளப்பும் காற்றும் கல், கண்ணாடி, ஆணி எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சைக்கிளுக்கு நாம் ஒதுக்கியிருக்கும் இடமும் அந்த ஓரம்தான். அதில் கண்ணுக்கே தெரியாத ஒன்றும் உண்டு: லாரி டயர்களுக்குள் இருக்கும் எஃகு இழை. டயர் கிழிந்து சிதறும்போது முடிபோன்ற கம்பித் துண்டுகள் ஓரத்தில் சேரும். மெதுவாகக் காற்றிறங்கும் பஞ்சர்களில் இதற்கும் பங்குண்டு. வெள்ளைக்கோட்டை ஒட்டி, அதற்கு ஒரு முழம் உள்ளே ஓட்டுவது டயருக்கு நல்லது. பின்னால் லாரி இல்லாதபோது மட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் பஞ்சர் கூடும். மழைத் தண்ணீர் குப்பையை ஓரத்தில் அரித்துச் சேர்க்கிறது என்பது ஒரு காரணம். ஈர ரப்பர் எளிதில் அறுபடும் என்பது இன்னொன்று. வேதியியல் ஆய்வகத்தில் ரப்பர் அடைப்பானில் துளை போடுமுன் துளைக்கருவியை நனைத்துக்கொள்வார்கள். உராய்வு குறைந்து சுலபமாக இறங்கும். நனைந்த சாலையில் கண்ணாடிச் சில்லுக்குக் கிடைப்பதும் அதே சலுகை.

பின்சக்கரத்தில் ஏன் அதிகம்? எடை அங்கே கூடுதல். தரையில் படுத்துக் கிடக்கும் ஆணியை முன்சக்கரம் தட்டி எழுப்பிவிட்டுப் போக, பின்னால் வரும் சக்கரம் அதன்மேல் ஏறுவதும் உண்டு. ஆகவே நல்ல டயர் ஒன்றுதான் கைவசம் இருக்கிறது என்றால் அதைப் பின்னால் போடுங்கள்.

காற்றே வேண்டாம் என்றால்?

இவ்வளவு தொல்லை கொடுக்கும் காற்றை விட்டுவிட்டுக் கெட்டி ரப்பர் டயர் போடலாமே? காற்று டயர் வருமுன் உலகம் அதில்தான் ஓடியது. ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இலேயே காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கினார், யாரும் பொருட்படுத்தவில்லை. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், 1887-இல் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் அதிராமல் ஓடக் காற்றுக் குழாய் சுற்றிப் பார்த்தார். அதிர்வு குறைந்ததோடு வேகமும் கூடியது. கெட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஆளையும் வண்டியையும் தூக்கிப்போட வேண்டும். காற்று டயர் கல்லை விழுங்கிக்கொண்டு உருளும். மிச்சமாகும் உழைப்பு காலுக்கு.

டன்லப்பின் டயர் ரிம்மோடு பசையிட்டு ஒட்டப்பட்டது. பஞ்சர் ஆனால் பிரித்து ஒட்டி உலரவைக்க ஒரு நாள் போய்விடும். பிரான்சின் மிஷ்லின் சகோதரர்கள் 1891-இல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். அதன் பெருமையைக் காட்ட அடுத்த ஆண்டு ஒரு பந்தயம் நடத்தி, வழியில் தாங்களே ஆணி தூவினார்கள். பஞ்சரை ஒழிக்க முடியாது, சீக்கிரம் சரிசெய்யலாம் என்பது அவர்கள் கண்ட தீர்வு. இன்றும் நம் பஞ்சர் கடைகள் அந்தத் தீர்வில்தான் நிற்கின்றன.

தடுக்கும் வழிகளும் வளர்ந்திருக்கின்றன. டுபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் 1965-இல் கண்ட கெவ்லார் இழையைப் பட்டையாக உள்ளே வைத்த டயர்கள் உண்டு. டியூபுக்குள் ஊற்றும் ரப்பர்ப் பால் திரவமும் உண்டு. சின்ன ஓட்டை விழுந்தால் காற்று அதைத் தள்ளிக்கொண்டு வரும், ஓட்டையில் அது உறைந்து அடைக்கும். நம் ஊரில் பழைய டயரின் ஓரக் கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் புது டயருக்குள் வரிந்து போடுவார்கள். திரவம் தவிர மற்றவற்றின் தத்துவம் ஒன்றே: முள்ளுக்கும் டியூபுக்கும் நடுவே தடுப்பைக் கூட்டுவது. அதற்கு நாம் கொடுக்கும் விலை எடை. மிதிப்பு கனமாகும். பழைய டயரின் வெட்டிய ஓரம் கூர்மையாக இருந்தால் அதுவே டியூபை அறுக்கும். ஓரத்தைச் சரிவாகச் சீவ வேண்டும்.

ஒட்டு ஒட்டுவது எப்படி

தடுத்தும் மீறி வந்தால் ஒட்டத்தான் வேண்டும். டியூபின் மேல்தோல் காற்றுபட்டு முதிர்ந்தது. அச்சிலிருந்து எடுக்கத் தடவிய பொடியும் அதில் இருக்கும். உப்புத்தாளால் தேய்ப்பது இவற்றை நீக்கிப் புது ரப்பரை வெளிக்கொணர. பிறகு சொலூஷன் தடவிக் காயவிட வேண்டும். அதில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போனால்தான் ரப்பரோடு ரப்பர் பின்னும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் உள்ளே மாட்டிய கரைப்பான் ஒட்டைத் தளர்த்திவிடும். கடைக்காரர் ஐந்து நிமிடம் வேறு வேலை பார்ப்பது உங்களைக் காக்கவைக்க அல்ல. அவசரப்படுத்தாதீர்கள்.

ஒட்டு வலுவாக நிற்க இன்னொரு துணையும் உண்டு. டயருக்குள் காற்றடித்த டியூப் ஒட்டை டயரோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கும். நன்றாக ஒட்டிய டியூப் புது டியூபுக்குக் குறைந்ததல்ல.

மாலையில் ஐந்து நிமிடம்

அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வந்தால் விலையில்லா சைக்கிள் கிடைக்கும் மாநிலம் இது. புவனகிரியிலிருந்தோ கிள்ளையிலிருந்தோ மிதித்து வரும் பிள்ளைக்குப் பஞ்சர் என்பது முதல் பாடவேளை போய்விடுவது. சைக்கிளைக் கொடுக்கிறோம், பராமரிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. இயற்பியல் வகுப்பில் அழுத்தம் நடத்தும் நாளில் வெளியே நிற்கும் சைக்கிள்களில் ஒன்றை உள்ளே கொண்டுவந்தால், தீப்பெட்டிக் கணக்கை மாணவர்களே போட்டுவிடுவார்கள்.

வாரம் ஒரு நாள் காற்று. மாதம் ஒரு நாள் வால்வின் சாய்வையும் வால்டியூபையும் பார்ப்பது. டயர் கழற்றும்போதெல்லாம் ரிம் டேப்பையும் கம்பி முனைகளையும் பார்ப்பது, ஒரு துணியை டயரின் உள்ளே சுற்றிலும் ஓட்டுவது. முள் இருந்தால் துணியைப் பிடித்து இழுக்கும். தினமும் வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை மட்டும்: பின்சக்கரத்தைத் தூக்கி மெல்லச் சுற்றுங்கள், பிறகு முன்சக்கரம். மினுங்குகிற சில்லோ கரும்புள்ளியோ கண்ணில் பட்டால் எடுத்துப் போடுங்கள். இன்றைக்கு அதற்கு நகமோ ஊக்கோ போதும். நாளைக்கு விட்டால் தொட்டித் தண்ணீர், உப்புத்தாள், சொலூஷன் எல்லாம் வேண்டும்.